புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையை மாடி அறையில் மாதிரியாக அமைப்பது குறித்து

கேள்வி: மாடியறை (புனலூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் பூர்வீகம் செங்கோட்டை. தாத்தா காலத்தில் வியாபாரத்துக்காகப் புனலூருக்கு வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டோம். மகள் மேற்படிப்புக்காகக் கோவைக்குச் சென்றுவிட்டதால், மாடியில் 4 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறை காலியாக இருக்கிறது. வெளிநாட்டில் பணிபுரியும் மைத்துனர் போன ஓணத்துக்கு வந்தபோது ஜெர்மானிய எச்.ஓ. அளவு மாதிரி ரயில் தொகுப்பு ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். நீள்வட்டத் தண்டவாளம், ஓர் எஞ்சின், மூன்று பெட்டிகள் ஆகியவை அதில் உள்ளன. முதல் சில நாட்கள் வீடே கூடி நின்று பார்த்தது. பிறகு, அது சுற்றிச் சுற்றி வருவதில் எவருக்கும் ஈடுபாடு இல்லாமல் போயிற்று.

ஆனால் அந்தத் தொகுப்பு எனக்குள் வேறோர் ஆசையை எழுப்பிவிட்டது. 1904இல் திறக்கப்பட்டு, 2010 செப்டம்பரில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்ட எங்கள் மலைப்பாதையை, மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி) காலத்தில் இருந்தபடியே அந்த அறையில் அமைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது, இவ்வளவு சிறிய அறையில் எதைச் சேர்த்து எதை விடுவது என்பவற்றை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் பொம்மை ரயிலா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இதில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருப்பவர்களுக்கு, ஓடுவதைப் பார்ப்பது தவிர, எதில் இன்பம் கிடைக்கிறது?

பதில்: பாலக்காட்டுச் சுற்று (பாலக்காடு)

வணக்கம் நண்பரே. கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தப் பொழுதுபோக்கில் ஆசையை முதலில் கட்டுக்குள் கொண்டுவருவது கணக்குதான். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஏறத்தாழ 49 கி.மீ. தொலைவு. எச்.ஓ. என்பது உண்மை அளவில் 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் முழுப் பாதையையும் அமைக்க 560 மீட்டருக்கு மேல் தண்டவாளம் வேண்டும். உங்கள் அறையின் நீளச் சுவரோ உண்மைப் பாதையில் சுமார் 350 மீட்டருக்கு மட்டுமே ஈடாகும். ஆகவே எவ்வளவு பெரிய மாளிகை இருந்தாலும் முழுப் பாதையையும் எவராலும் அமைக்க முடியாது. ஒன்றிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, இடையில் உள்ளவற்றைச் சுரங்கத்துக்குள் மறைத்துவிடுவதே வழக்கம்.

அடுத்து, உங்களிடம் உள்ள தண்டவாளம் இந்தப் பணிக்குப் பொருந்தாது. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அது ஐரோப்பாவில் வழங்கும் 1,435 மி.மீ. பாதையை 87ஆல் வகுத்துப் பெறப்பட்டது. நம்முடைய மீட்டர் கேஜை அதே விகிதத்தில் சுருக்கினால் 11.5 மி.மீ. வருகிறது. இதற்காகவே எச்.ஓ.எம். என்று 12 மி.மீ. தண்டவாளம் தனியாக விற்கப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகள் பலவும் மீட்டர் கேஜ் என்பதால் அங்கே அதற்கு ஒரு சந்தை இருக்கிறது. பீக்கோ, டில்லிக் ஆகிய நிறுவனங்கள் தண்டவாளம் தருகின்றன, பெமோ நிறுவனம் சுவிஸ் எஞ்சின்களையும் பெட்டிகளையும் தயாரிக்கிறது. நம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சினை அப்படியே கடையில் வாங்க முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 12 மி.மீ. இடைவெளியே கொண்ட, டி.டி. என்னும் வேறொரு மாதிரி அளவின் எஞ்சின் ஒன்றின் சக்கரத் தொகுதிகளை எடுத்து, மேலுடலை முப்பரிமாண அச்சில் வார்த்துப் பொருத்துவதே நடைமுறையான வழி.

இதைவிடச் செலவு குறைந்த வழி ஒன்றும் உண்டு. மேலுடலை 120இல் ஒரு பங்காகச் செய்துகொண்டு, அடியில் ‘என்’ (N) எனப்படும் சிறிய மாதிரி அளவின் 9 மி.மீ. தண்டவாளத்தைப் பயன்படுத்தலாம். 1,000 மி.மீ. பாதை 120இல் 8.3 மி.மீ. ஆகிறது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானிய ‘என்’ அளவு இயந்திரங்கள் தரமானவை, சிறியவை, எளிதில் கிடைப்பவை. உங்கள் சுவரும் 480 மீட்டருக்கு ஈடாகிவிடும். நான் இதையே பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும் அயல்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதிச் சுங்கம் 2020இல் 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். தண்டவாளத்தையும் சக்கரத் தொகுதிகளையும் மட்டும் வரவழைத்து மற்ற அனைத்தையும் கையால் செய்வது, செலவைக் குறைப்பதோடு நீங்கள் கேட்ட இன்பத்துக்கும் வழிவிடும்.

பதில்: கைகாட்டி (செங்கோட்டை)

தம்பிக்கு வணக்கம். நான் தெற்கு ரயில்வேயில் மீட்டர் கேஜ் நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் விளையாடிச் சலித்த ஒரு பழைய தொகுப்பைக் கொண்டு, கூடத்துச் சுவரோரம் ஒரு மரப்பலகையின்மீது சிறிய நிலையம் ஒன்றை அமைத்திருக்கிறேன். பாலக்காட்டு நண்பர் அளவுகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் அதற்கு விடை தெரியாமல் தண்டவாளம் வாங்கினால் அந்த நீள்வட்டத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

ரயில் சுற்றி வருவதில் ஈடுபாடு குறைந்ததற்குக் காரணம், அது எங்கிருந்தும் புறப்படவில்லை, எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பதே. உண்மையான ஒற்றை வழிப்பாதையில் ஒரு வண்டி ஓடுகிறது என்றால், எதிரே வேறு வண்டி வராது என்று இரண்டு நிலையங்கள் சேர்ந்து உறுதிசெய்திருக்கின்றன என்று பொருள். மீட்டர் கேஜ் காலத்தில் அந்த உறுதிமொழி ஒரு உலோக உருண்டையாக இருந்தது. நீல்ஸ் டோக்கன் கருவி என்பது அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், இரு முனைகளையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஓர் உருண்டைதான் வெளியே வரும். அந்த உருண்டையை வளையத்தோடு கூடிய பையில் போட்டு ஓட்டுநரிடம் கொடுப்போம். அது கையில் இல்லாமல் அவர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த நிலையத்தார் அதை வாங்கித் தம் கருவியில் போட்ட பிறகுதான் மறுபடி ஓர் உருண்டை எடுக்க முடியும்.

இதை வீட்டில் செய்வதற்குப் பெரிய கருவிகள் எவையும் வேண்டா. பழைய பேரிங்கிலிருந்து எடுத்த இரும்பு உருண்டை ஒன்று, ஆளுக்கொரு நிலையம், ஒரு கால அட்டவணை ஆகியவை போதும். உருண்டை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வண்டியை விடலாம் என்ற ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். பத்தே நிமிடத்தில் வீட்டில் இருப்பவர்களிடையே வாக்குவாதம் தொடங்கிவிடும். உண்மையான நிலையங்களில் நாங்கள் தொலைபேசியில் நடத்திய அதே வாக்குவாதம்தான் அது. சரக்கு வண்டியை லூப் லைனில் (நிலையத்தில் வண்டி ஒதுங்கும் பக்கப்பாதையில்) ஒதுக்கி நிறுத்திவிட்டு மெயிலுக்கு வழிவிடுவதா, அல்லது மெயில் தாமதம் என்பதால் சரக்கு வண்டியை அடுத்த நிலையம் வரை அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். தவறாக முடிவெடுத்தால் இரண்டு வண்டிகளும் காத்துக் கிடக்கும். சிரித்தவர்களை அப்போது ஒரு நிலையத்துக்குப் பொறுப்பாக உட்கார வைத்துவிடுங்கள்.

கடிகாரத்தையும் விரைவுபடுத்திக்கொள்வார்கள். ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொண்டால், ஒரு முழு நாளின் போக்குவரத்தை நான்கு மணி நேரத்தில் நடத்திவிடலாம். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்கு அது பொருத்தமானது.

எதைச் சேர்ப்பது என்று கேட்டீர்கள். செங்கோட்டையிலிருந்து மேற்கே பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், இடமண், புனலூர் என்று வரிசை போகிறது. உங்கள் அறையில் இரண்டு நிலையங்களுக்குமேல் வைக்காதீர்கள். என் தேர்வு ஆரியங்காவும் தென்மலையும், அவற்றுக்கிடையே கழுதுருட்டிப் பாலமும். செங்கோட்டைப் பக்கத்தைச் சுரங்கத்துக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்திவைக்கும் மறைவான யார்டாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூரிலிருந்து வரும் கொல்லம் மெயில் அங்கே நின்றுகொண்டிருக்கும், அதன் முறை வரும்போது சுரங்கத்திலிருந்து வெளிப்படும். புனலூர்ப் பக்கத்தையும் அவ்வாறே மறைத்துவிடுங்கள். புனலூரிலேயே குடியிருப்பவர் புனலூர் நிலையத்தை விடுவது வருத்தந்தான். ஆனால் அந்த யார்டு மட்டுமே உங்கள் அறை முழுவதையும் விழுங்கிவிடும்.

கைகாட்டி மரங்களை, அதாவது கை சாயும் பழைய சிக்னல் கம்பங்களை, கட்டாயம் வையுங்கள். கை கிடையாக இருந்தால் நிற்க வேண்டும், கீழே சாய்ந்தால் போகலாம். சைக்கிள் பிரேக் கம்பியின் உள்ளிழையைப் பலகைக்கு அடியில் ஓட்டி, ஒரு சிறு நெம்புகோலால் இழுத்தால் அது நன்றாக இயங்கும். மின்விளக்குச் சிக்னலை மலிவாக வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பதில்: சுண்ணாம்புக்கல் (கொல்லங்கோடு)

வணக்கம். பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். எஞ்சின்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, என் கணவர் அமைக்கும் பாதைகளுக்கு மலையும் மரமும் செய்வது என் பகுதி. செங்கோட்டை ஐயா சொன்ன இரு நிலையங்களும் மலையின் மேற்குப் பக்கத்தைச் சேர்ந்தவை என்பதால், கிழக்குப் பக்கத்தை முழுவதும் மறைத்துவிடுகிறீர்கள். அதை மட்டும் சற்று மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். செங்கோட்டைப் பக்கம் வயல்வெளி, பனைமரங்கள், வெளுத்த மண், குற்றாலச் சாரல் விழும் மாதங்களில் மட்டும் பசுமை. சுரங்கத்தைக் கடந்தால் அடர்காடு, தேக்கு, கீழே இறங்க இறங்க ரப்பர் தோட்டம், ஈரத்தில் கறுத்த பாறை. ஒரே வண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிப்படுவதற்குள் நிலத்தின் நிறமே மாறிவிடுகிற பாதைகள் நம் நாட்டில் சிலவே. அறையின் குறுகிய சுவரில் அரை மீட்டர் இடத்தைக் கிழக்குப் பக்கத்துக்கு ஒதுக்கினால் போதும். நான்கு பனைமரமும் ஒரு வரப்பும் வைத்தால் அது செங்கோட்டைச் சீமை என்று எவருக்கும் விளங்கிவிடும்.

கழுதுருட்டிப் பாலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். இடம் போதவில்லை என்று அதன் வளைவுகளைக் குறைத்துவிடாதீர்கள். பதின்மூன்று கண் பாலம் என்று ஊரே எண்ணிச் சொல்லும் பாலத்துக்கு ஒன்பது கண் வைத்தால், பார்க்க வருகிற முதல் ஆளே எண்ணிக் காட்டிவிடுவார். உண்மைப் பாலம் 100 மீட்டருக்குச் சற்றுமேல் இருப்பதால் எச்.ஓ. அளவில் 1.2 மீட்டரில் முழுவதும் அடங்கிவிடும், 120 அளவில் அதற்கும் குறைவு. ஒரு வளைவை மட்டும் மெல்லிய பலகையில் துல்லியமாகச் செய்து, கல் வரிசைகளை ஊசியால் கீறி, அதன்மேல் சிலிகான் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பதின்மூன்று முறை வார்த்துக்கொள்ளுங்கள். நிறம் தீட்டும்போது சாம்பல் வண்ணத்தை மட்டும் பூசினால் சிமெண்டுச் சுவர் போல இருக்கும். கருங்கல்லில் பாசியின் பச்சையும், மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்களும், இடுக்குகளில் சுண்ணாம்பு கசிந்த வெண்மையும் சேர்ந்திருக்கும். பாலம் கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்பதால், நேரில் சென்று ஒரு நாள் முழுவதும் படம் எடுத்துக்கொள்ளலாம். அகலப்பாதை போட்டபோது அதை இடிக்காமல் வலுப்படுத்தி, 2018 முதல் மறுபடி வண்டிகளை ஓட்டுகிறார்கள் என்பதால், பழைய படங்களையும் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

மரங்களுக்காக வெளிநாட்டுப் பொட்டலங்களை வாங்க வேண்டாம். வயலோரப் புற்களின் காய்ந்த பூங்கொத்து, நைந்த பஞ்சணையைத் துருவிச் சாயமேற்றிய தூள், தேங்காய் நார் ஆகியவற்றைக் கொண்டே காடு செய்துவிடலாம். மலையைத் தெர்மாகோல் அடுக்குகளாகச் செதுக்குங்கள். ஆனால் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையைத் தவிர வேறு பசை வேண்டா, கரைப்பான் கலந்த பசைகள் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்டவாளத்துக்கு இடையில் பரப்பும் ஜல்லிக்கு கல்குவாரித் தூளைச் சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம். பரப்புவதற்கு முன் அதன்மீது ஒரு காந்தத்தை நன்றாக ஓட்டிவிடுங்கள். கல்தூளில் இருக்கும் இரும்புத் துகள் எஞ்சினின் மோட்டாருக்குள் புகுந்தால் எடுப்பது கடினம். பரப்பியபின் வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கலந்து, அதில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டால், பசை தூளின்மேல் முத்து முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கும்.

பதில்: சும்மா ஓட்டி (தென்காசி)

அண்ணாச்சி, மற்றவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. எனினும் டோக்கனும் கால அட்டவணையும் இருந்தால்தான் இன்பம் என்பதை நான் ஏற்கவில்லை. அலுவலகத்திலிருந்து களைத்து வரும் மாலையில் ஒரு வண்டியை வட்டப்பாதையில் மெதுவாக விட்டுவிட்டுத் தேநீரோடு பார்த்துக்கொண்டிருப்பதும் இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதிதான். ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்டுக்கு இலட்சக்கணக்கானோர் செல்வதும், புனேயில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தில் குடும்பங்கள் கூடுவதும், ஓடுவதைப் பார்ப்பதற்காகத்தான்.

வேகத்தை மட்டும் கவனியுங்கள். பெட்டியோடு வரும் எஞ்சினை முழு மின்னழுத்தத்தில் விட்டால் அது பந்தயக் குதிரையாக ஓடும், சலிப்புக்கு அதுவும் ஒரு காரணம். மலைப்பகுதியில் மணிக்கு 30 கி.மீ. என்பது எச்.ஓ. அளவில் நொடிக்குப் பத்து செ.மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் உங்கள் நீளச் சுவரைக் கடக்க நாற்பது நொடிக்கு மேலாகும். இருக்கும் தொகுப்பிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு பெரிய திட்டத்தை முடிவு செய்யுங்கள்.

மறுமொழி: மாடியறை (புனலூர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தென்காசி நண்பர் சொன்னபடி வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். வீட்டில் அனைவரும் திரும்பவும் வந்து நின்றார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அளவைப் பொறுத்தவரை 120இல் ஒரு பங்கு என்று முடிவு செய்துவிட்டேன். கொல்லங்கோட்டு அம்மா கேட்டுக்கொண்டபடி கிழக்குப் பக்கத்துக்கும் இடம் உண்டு.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மலையேறும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ள இரண்டாவது எஞ்சின் சேர்ப்பார்களே, அதை மாதிரியிலும் செய்ய இயலுமா? இங்கே ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் மழையில் அறையின் சுவரே வியர்க்கிறது, தண்டவாளமும் பலகையும் தாங்குமா?

பதில்: பாலக்காட்டுச் சுற்று (பாலக்காடு)

இரண்டுமே செய்யக்கூடியவை. சாதாரண நேர்மின் முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தந்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே தண்டவாளத்தில் நிற்கும் எல்லா எஞ்சின்களும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும் என்பதால், ஒன்று நிலையத்தில் நிற்க மற்றொன்று ஓட வேண்டுமானால், பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைக்க வேண்டியிருக்கும். டி.சி.சி. என்னும் எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் ஒரு டிகோடர் இருந்து, தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் நிறைவேற்றும். தள்ளும் எஞ்சினுக்கு இதுவே ஏற்றது. ஆயத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி விலை அதிகம் என்றால், ஆர்டுயினோ மெகா என்னும் சிறு மின்னணுப் பலகையில் இயங்கும் டி.சி.சி.-இ.எக்ஸ் என்ற திறந்த மென்பொருளைக் கொண்டு நீங்களே அமைத்துக்கொள்ளலாம், கைபேசியே கட்டுப்பாட்டுக் கருவியாகிவிடும்.

இரண்டு எஞ்சின்களையும் ஒரே கட்டளையில் இணைப்பதற்கு முன், தனித்தனியே ஓடவிட்டு வேகம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்னெஞ்சின் சற்றே விரைவாக இருந்தாலும், எடை குறைந்த பெட்டிகள் வளைவில் தூக்கி எறியப்படும். எச்.ஓ. பெட்டிக்கு 28 கிராமோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம் சேர்த்து எடை இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை. உங்கள் அளவில் பெட்டிகள் சிறியவை என்பதால் எடை குறையும், ஆனால் எல்லாப் பெட்டிகளும் ஒரே சூத்திரத்தில் இருக்க வேண்டும் என்ற கொள்கை மாறாது. பெட்டிக்குள் தரையோடு ஒட்டி ஈயத் துண்டுகளை வையுங்கள், மேலே வைத்தால் கவிழும்.

மழைக்கு வருவோம். பித்தளைத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம், அதன்மேல் படியும் களிம்பு மின்சாரத்தைக் கடத்தாது. நிக்கல் சில்வர் என்னும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையில் செய்த தண்டவாளமும் மங்கும், ஆனால் தொல்லை மிகக் குறைவு. வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகத் தங்கும். பலகைக்குக் கடல்சார் ஒட்டுப்பலகையே நல்லது. அதன் விளிம்புகளையும் அடிப்பக்கத்தையும் சேர்த்து இரண்டு முறை வார்னிஷ் பூசுங்கள், ஈரம் நுழைவது பெரும்பாலும் வெட்டிய விளிம்பு வழியாகத்தான். அந்த வியர்க்கும் சுவரிலிருந்து பலகையை நான்கு விரற்கடை தள்ளி, தனிக் கால்களில் நிறுத்துங்கள். தண்டவாள இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனித்தனியே மின்கம்பியைப் பற்றவைத்துவிட்டால், இணைப்பு தளர்ந்தாலும் வண்டி நிற்காது. பற்றவைக்கும் வேலையை ஜல்லி பரப்புவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

பல்லிகளுக்கு மட்டும் என்னிடம் தீர்வு இல்லை. என் அமைப்பில் ஒரு பல்லி சரக்குக் கொட்டகையையே குடியிருப்பாக்கிக்கொண்டிருக்கிறது. வண்டி விடுவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வதே எங்கள் வீட்டு வழக்கம்.

பதில்: கைகாட்டி (செங்கோட்டை)

தள்ளும் எஞ்சினைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அதை இணைக்கவும் கழற்றவும் நிலையத்தில் நேரம் வேண்டும், பின்னர் அது திரும்பி இறங்குவதற்கும் ஒரு வழித்தடமும் ஓர் உருண்டையும் வேண்டும். ஆகையால் தம்பி கால அட்டவணை எழுதும்போது தனி எஞ்சின் இறங்கும் பயணத்துக்கும் ஒரு வரி ஒதுக்கிவிடுங்கள். தென்மலையில் லூப் லைனைப் போடும்போது, மெயிலின் எல்லாப் பெட்டிகளும் இரண்டு எஞ்சின்களும் உள்ளே அடங்குகின்றனவா என்று பலகையின்மீது வைத்து அளந்துவிட்டு, அதன் பிறகு ஆணியடியுங்கள்.